விட்ட இழை

ரேணுகாம்பாளின் கால் நின்று நின்று போவதை முதலில் கண்டுபிடித்தவள் அவளுடைய அண்ணி அம்சவேணிதான். ஆனால் அதைக் கண்டுபிடிக்க அவளுக்கு ஏழு மாதம் ஆயிற்று. அத்தனை மாதமும் அந்தக் கால் அவள் காலுக்குப் பக்கத்திலேயேதான் இருந்தது.

சின்ன காஞ்சிபுரத்தில் வரதராஜப் பெருமாள் கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி அவர்கள் வீடு. வீட்டில் இரண்டு தறி. கூடத்துத் தறியில் மாமனார் பரசுராமனும் மாமியார் ஜெயம்மாளும் உட்காருவார்கள். உள்ளறைத் தறி அம்சவேணியுடையது. அவள் புருஷன் வேலாயுதத்துக்குச் சாயம் போடுவது, பாவு ஓட்டுவது, நெய்த புடவையைச் சென்னைக்குக் கொண்டுபோவது என்று கால் வீட்டில் தரிக்காது. மதியம் வரைக்கும் ரேணுகாவும் தறி வேலை பார்ப்பாள். சாப்பிட்ட பிறகு உள்ளறைக்கு வந்து, அண்ணி கால் வைத்திருக்கும் தறிக்குழியிலேயே தன் காலையும் தொங்கவிட்டுக்கொண்டு படிக்க உட்காருவாள். சித்திரை வெயிலில் அந்த வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் அந்தக் குழிதான்.

படிப்பு என்றால் ஒரே படிப்பு. இங்கிலீஷில் ஒரு பத்தி கொடுத்திருப்பார்கள். அதை வாசித்துவிட்டு, கீழே இருக்கிற கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும். அவ்வளவுதான். கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது! அந்த 'அவ்வளவுதான்' அந்த வீட்டை ஒரு வருஷமாக ஆட்டிப் படைத்துக்கொண்டிருந்தது.

சென்னையில் ஒரு பெண்கள் கல்லூரி. பெயர் இங்கே வேண்டாம். பி.யூ.சி. முடித்த பெண்களுக்கு அது தானே ஒரு பரீட்சை வைத்து ஆள் எடுக்கும். தேறினால் பி.எஸ்ஸி. கணக்கு, படிப்பு, ஹாஸ்டல், சாப்பாடு மூன்றும் இலவசம். அப்படி ஒரு இடம் கிடைத்தால்தான் ரேணுகா மேலே படிக்கலாம், இல்லாவிட்டால் இல்லை. கணக்கில் அவளை அடித்துக்கொள்ள அவள் படித்த இடத்திலேயே ஆள் கிடையாது. ஆனால் இங்கிலீஷ் பத்திக்கு நாற்பது மார்க். அதில் இருபது மார்க்காவது வாங்கினால்தான் கணக்குத் தாளையே திருத்துவார்கள். போன வருஷம், எழுபத்தொன்றில், அவள் வாங்கியது பதினாலு. நாலு வரியில் ஒரு கடிதம் வந்தது. ஒருத்தி இரண்டு தடவைதான் எழுதலாம் என்று அதில் போட்டிருந்ததை ரேணுகாவே வாசித்துச் சொன்னாள்.

அன்றைக்குக் கூடத்தில் நடந்த பேச்சு அம்சவேணிக்கு மறக்கவில்லை.

"கணக்குல நூறு வாங்கறவ ஒரு பக்கத்தைப் படிச்சிப் புரிஞ்சிக்க முடியலன்னா இன்னா அர்த்தம்?" என்றார் பரசுராமன். "ஆவறது இல்லன்னு அர்த்தம். ஆரணில என் மச்சான் பையன் சொந்தத் தறி வெச்சிக்கினு இருக்கறான். அவனும் எத்தினி நாளு கேட்டுக்கினே இருப்பான்?"

அம்சவேணி அடுப்படியில் கேழ்வரகுக் கூழ் கிண்டிக்கொண்டிருந்தாள். மாமனார் பேசும்போது குறுக்கே பேசி அவளுக்குப் பழக்கமில்லை. எங்கிருந்து தைரியம் வந்ததோ, துடுப்பைக் கையில் வைத்துக்கொண்டே வாசற்படியில் வந்து நின்றாள்.

"இன்னொரு வாட்டி எழுதலாமாம் மாமா. அதுவும் போச்சின்னா நானே அவள ஆரணிக்குக் கூட்டிக்கினு போறேன்."

"நாத்தனாருக்கு வக்காலத்து வாங்கற அண்ணிய இந்தத் தெருவுல இப்பத்தான் பாக்கறேன்" என்றாள் ஜெயம்மாள். அது பாராட்டா, குத்தலா என்று அவளுக்கே தெரியாது.

பரசுராமன் மீசையைத் தடவினார். "சரி. ஒரு வருசம். ஆனா தறி நிக்கக் கூடாது" என்றார்.

அம்சவேணிக்கு ஐயம்பேட்டை பிறந்த ஊர். அங்கே அஞ்சாம் கிளாஸ் வரைக்கும் படித்தவள்; இங்கிலீஷில் எழுத்து மட்டும் தெரியும். கல்யாணமாகி வந்தபோது ரேணுகாவுக்குப் பத்து வயது. வந்த மூன்றாம் நாள், "அண்ணி, உங்களுக்கு வகுத்தல் வருமா?" என்று கேட்டு ஸ்லேட்டோடு வந்து நின்ற குழந்தை அது. அதனால் அந்த ஒரு வருஷம் ரேணுகாவுடைய பரீட்சையாக மட்டும் இல்லை. வாக்குக் கொடுத்தவள் அவளாயிற்றே!

டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வைத்திருந்த கோதண்டபாணி ஒரு யோசனை சொன்னார். "தினம் பத்து வார்த்தை டிக்‌ஷனரில இருந்து மனப்பாடம் பண்ணுமா. வார்த்தை சேர்ந்துச்சின்னா பத்தி தானா வரும்." நல்ல மனுஷர், நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ரேணுகா ஒரு நாள் விடாமல் மனப்பாடம் பண்ணினாள். அவளிடம் வார்த்தை மூட்டை மூட்டையாகச் சேர்ந்தது. பத்தி மட்டும் வரவில்லை.

வேலாயுதம் சென்னைக்குப் போனபோதெல்லாம் மூர் மார்க்கெட்டில் பழைய கேள்வித்தாள்களைப் பொறுக்கிக்கொண்டு வந்தான். அவன் கைக்கடிகாரம் அவனோடு ஊர் சுற்றும். வீட்டில் வேறு கடிகாரம் இல்லை. ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டிலிருந்தபோது அந்தக் கடிகாரத்தை வைத்துப் பார்த்தார்கள். அம்சவேணி நிறுத்தாமல் மூன்று விரற்கடை புடவை நெய்தால் அரை மணி. அன்றிலிருந்து ரேணுகாவின் பரீட்சைக்கு மணி அம்சவேணியின் புடவைதான். நூலால் ஒரு குறி வைத்துவிட்டு நெய்ய ஆரம்பிப்பாள். மூன்று விரல் ஆனதும், "நேரம் ஆச்சி" என்பாள். ரேணுகா பென்சிலை வைத்துவிட வேண்டும்.

பாதிப் பத்தியில் அவள் திணறும்போது அம்சவேணியின் கை தானாக மெதுவாகும்.

"அண்ணி, இழுக்காதீங்க" என்பாள் ரேணுகா, தலையைத் தூக்காமலே. "பரீட்சைல இருக்கறவங்க எனக்கு அண்ணியா?"

பென்சிலை வைத்த பிறகுதான் அம்சவேணிக்குப் பிடித்த நேரம். பத்தியில் என்ன இருந்தது என்று ரேணுகா தமிழில் சொல்லுவாள். வரிக்கு அடியில் விரலை ஓட்டிக்கொண்டே சொல்லுவாள். பனிக்கட்டி மலை கடலில் மிதக்கிறதாம், வெளியே தெரிவது கொஞ்சம்தானாம், தண்ணீருக்குள் இருப்பதுதான் மலையாம். தேனீ, பூ இருக்கிற திக்கைத் தன் கூட்டத்துக்கு ஆடிக் காட்டுமாம். அம்சவேணி குறுக்கிழை ஓட்டும் நாடாவைக் கையில் பிடித்தபடி வாயைத் திறந்துகொண்டு கேட்பாள். ஒரு அழுக்குக் காகிதம், வேலாயுதம் வாழைப்பழத்தோடு பையில் போட்டுக் கசக்கிக் கொண்டுவந்த காகிதம், அதற்குள் இவ்வளவா! கோயிலில் ஆயிரம் பேரோடு நின்றுகூட அவளுக்கு உடம்பு இப்படிச் சிலிர்த்ததில்லை. ரேணுகாவின் விரலையே பார்த்துப் பார்த்து அவளுக்கும் சில வார்த்தைகள் அடையாளம் தெரிய ஆரம்பித்தன. பஸ், டாக்டர், ஐஸ் என்று வாயில் புழங்குகிற வார்த்தைகளைக் காகிதத்தில் கண்டால், சந்தையில் ஐயம்பேட்டை ஆளைக் கண்ட மாதிரி ஒரு சந்தோஷம்.

ஆனால் ரேணுகா சொல்லுவது எப்போதும் பாதியில் நின்றுவிடும். "அப்பால இன்னாமா?" என்று கேட்டால், "அதுக்குள்ள நேரம் ஆயிடுச்சே அண்ணி" என்பாள். தாளோடு வந்த விடையைப் பார்த்து அவளே போட்டுக்கொள்ளும் மார்க் பதிமூன்று, பதினைந்து, மறுபடி பதிமூன்று.

வைகாசி பிறந்தது. பரீட்சைக்கு இருபது நாள்தான் இருந்தது. வெயிலில் பட்டு நூல் காய்ந்து, தொட்டால் அறுந்தது. அம்சவேணி ஈரத்துணியைத் தறியைச் சுற்றிக் கட்டிவிட்டு உட்கார்ந்தாள். அன்றைக்கு ரேணுகாவுக்கு வந்தது திமிங்கலத்தைப் பற்றிய பத்தி. இழை அடிக்கடி அறுந்ததால் அம்சவேணியும் அடிக்கடி நிறுத்தி முடி போட வேண்டியிருந்தது. ஆரம்பத்திலேயே அப்படி ஒரு தடவை குனிந்தபோதுதான் குழிக்குள் நாத்தனாரின் காலைப் பார்த்தாள்.

ரேணுகா படிக்கப் படிக்க அவள் கால் மிதிபலகை மிதிப்பது போல மாறி மாறி அசைந்துகொண்டிருந்தது. வலது, இடது, வலது, இடது. திடீரென்று நின்றது. ரேணுகாவின் உதடு எதையோ முணுமுணுத்தது. கால் அசையவே இல்லை. ரொம்ப நேரம் கழித்து மறுபடி வலது, இடது. மறுபடி நின்றது. அம்சவேணி நெய்துகொண்டே குனிந்து குனிந்து எண்ண ஆரம்பித்தாள். மூன்று விரல் ஆவதற்குள் பதினேழு தடவை நின்றது அந்தக் கால்.

அன்றைக்குப் பதினொரு மார்க்.

ரேணுகா டிக்‌ஷனரியைத் தூக்கி மூலையில் எறிந்தாள். சத்தம் கேட்டுக் கூடத்தில் தறி ஒரு கணம் நின்று, மறுபடி ஓடியது.

"போதும் அண்ணி. ஆரணிக்கே போயிடறேன். அங்க யாரும் திமிங்கலம் கேக்க மாட்டாங்க."

"ஏய், நான் ஒண்ணு கேக்கறேன். நீ படிக்கறப்ப உன் காலு இன்னா பண்ணுதுன்னு உனக்குத் தெரியுமா?"

"காலா?"

"தறி மிதிக்குது. நடுவுல நடுவுல நிக்குது. பதினேழு வாட்டி நின்னுச்சி, எண்ணினேன். எதுக்கு நிக்குது?"

ரேணுகா கண்ணைத் துடைத்துக்கொண்டு காகிதத்தை எடுத்துப் பார்த்தாள். தனக்குத் தெரியாத வார்த்தைகளின் கீழ் அவள் பென்சிலால் புள்ளி வைத்திருந்தாள். எண்ணினாள். பதினேழு.

"தெரியாத வார்த்தை வந்தா நின்னுடறேன் போலருக்குது" என்றாள் மெதுவாக. "அத யோசிச்சி, எங்க மனப்பாடம் பண்ணோம்னு தேடி... அதுக்குள்ள முன்னாடி படிச்சதும் மறந்துபோவுது."

"தெரியலன்னா விட்டுட்டுப் போயேன்."

"இழை அறுந்தா விட்டுட்டு நெய்யலாமா அண்ணி?"

அந்த வீட்டில் பிறந்த பெண்ணிடம் எப்படி அதைச் சொல்லுவது? எட்டு வயதில் ரேணுகா ஒரு அறுந்த இழையைக் கவனிக்காமல் ஒரு சாண் நெய்துவிட்டாள். புடவையின் உடல் நெடுக ஒரு கோடு விழுந்தது. பரசுராமன் ஒரு அறை விட்டு, அந்தச் சாணையும் அவளை வைத்தே பிரிக்க வைத்தார். இழை அறுந்தால் நாடா நிற்க வேண்டும். முடி போட்ட பிறகுதான் அடுத்தது. எந்த நெசவுக்காரன் வீட்டிலும் குழந்தைக்கு அதுதான் முதல் பாடம். வேறு வீட்டுப் பெண்ணாக இருந்தால் தெரியாததைத் தாண்டிக் குதித்துப் போயிருப்பாள். இவளுக்குக் காலே வரவில்லை.

"கூடாது" என்றாள் அம்சவேணி கடைசியில். "விட்டுட்டு நெய்யக் கூடாது."

அன்றைக்கு இரவு ரேணுகா சாப்பிடவில்லை என்பதை ஜெயம்மாள் கூடக் கவனித்தாள்.

அதற்கு நாலாம் நாள் உள்ளறைத் தறியில் பாவு, அதாவது தறிக்கு நெடுக்காக ஏற்றிய நூல், முடிந்தது. பழைய பாவு தீர்ந்துபோனால் அதன் நுனி இழைகளைத் தறியிலேயே விட்டுவைப்பார்கள். புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் பழையதின் ஒவ்வொரு இழையோடு சேர்த்து, விரல்நுனியில் சாம்பலைத் தொட்டு முறுக்கிப் பிணைக்க வேண்டும். நாலாயிரத்துச் சொச்சம் இழை. அந்த வேலைக்குத் தெருக்கோடியிலிருந்து பட்டம்மாள் வருவாள். வீட்டில் தெலுங்கு பேசுகிறவள். கை வேலையில் இருந்தால் வாயும் வேலையில் இருக்கும். வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு, கண்ணால் கூடப் பார்க்காமல் முறுக்கித் தள்ளிக்கொண்டே போவாள்.

அன்றைக்கு உதவிக்கு ரேணுகாவும் ஒரு பக்கம் உட்கார்ந்தாள். ஐந்நூறு இழை பிணைத்திருப்பார்கள். ரேணுகாவின் கை நின்றுவிட்டது.

"இன்னா அம்மாயி, நின்னுட்ட?" என்றாள் பட்டம்மாள்.

"இதுக்கு ஜோடி காணோம் அக்கா. அந்தப் பக்கம் இழை அறுந்து உள்ள போயிடுச்சி போலருக்குது. தேடிக்கினு இருக்கறேன்."

"போனீ, போனீ! போனாப் போவுது, தேடாத. விட்டுட்டு அடுத்ததப் புடி."

"விட்டுடறதா?"

"பின்ன? ஒண்ணத் தேடிக்கினு உக்காந்தா நாலாயிரத்த யாரு முடிக்கறது, உங்கப்பனா? இதுவும் நெசவும் ஒண்ணில்ல அம்மாயி. நெய்யறப்ப நின்னுதான் ஆவணும். பிணைக்கறப்ப நிக்கவே கூடாது. முழுசும் பிணைச்சி முடிச்சிட்டுப் பாரு, விட்டதுக்கு எடம் தானா தெரியும். பந்தியில ரெண்டு பக்கமும் ஆளு உக்காந்துட்டாங்க, நடுவுல ஒரு எல காலியா இருக்குது. வரவேண்டியவன் அந்த எலயக் கண்டுக்கினு வந்து உக்காந்துக்க மாட்டானா?"

பட்டம்மாள் சொல்லிவிட்டு வெற்றிலை எச்சிலைத் துப்ப வெளியே போனாள். அவளுக்கு அது ஒரு பேச்சே இல்லை; இந்த வேலைக்குப் புதிதாக வந்து உட்காருகிற எல்லோரிடமும் சொல்லுவதுதான். ஆனால் ரேணுகா கையில் சாம்பலோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு அண்ணியைத் திரும்பிப் பார்த்தாள். அம்சவேணிக்கு அந்தப் பார்வை சட்டென்று புரிந்துபோயிற்று.

"நிக்கக் கூடாதாமே அண்ணி" என்றாள் ரேணுகா.

"ஆமா. இது பிணைக்கற வேலையாம்" என்றாள் அம்சவேணி.

சாயங்காலம் வேலை முடிந்ததும் பார்த்தார்கள். விட்ட இழை மொத்தம் ஆறு. ஐந்துக்கு இடம் பளிச்சென்று தெரிந்தது. பட்டம்மாள் புது நூலைச் சேர்த்து ஐந்தையும் உட்கார வைத்தாள். ஆறாவது மட்டும் எங்கே என்று அவளுக்கும் தெரியவில்லை. "ஒண்ணு போனா பரவால்ல" என்று சொல்லி எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் கருட சேவை. விடியுமுன்னே ஊர் முழுக்கக் கோயில் வாசலில் நின்றது. எந்தத் தறியும் ஓடவில்லை. மேளமும் ஜனங்களின் கோஷமும் இரண்டு தெரு தாண்டி வீட்டுக்குள் வந்தன. பரசுராமனும் ஜெயம்மாளும் நாலு மணிக்கே போய்விட்டார்கள். வேலாயுதம் கடிகாரத்தைக் கழற்றி அம்சவேணியிடம் கொடுத்துவிட்டுப் போனான்.

"நீங்களும் போங்க அண்ணி. வருசத்துக்கு ஒரு நாளு."

"பெருமாளு அடுத்த வருசமும் வருவாரு. நீ படி."

கிழக்கு வெளுத்திருந்தது. திமிங்கலப் பத்தியை எடுக்க ரேணுகாவுக்கு மனசு வரவில்லை. கேள்வித்தாள் கட்டைப் பிரித்து, பார்க்காத ஒன்றை எடுத்தாள். தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டாள். அம்சவேணி ஒரு கையில் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு, எதிரே தரையில் உட்கார்ந்து, அந்தக் காலையே பார்த்தாள்.

வலது, இடது. வலது, இடது. தயங்கியது. கால் நிற்கவில்லை. வலது. இடது. இன்னொரு இடத்தில் தடுக்கியது, ஆனாலும் போயிற்று. வெளியே தெருமுனையில் பெருமாள் கருடன்மேல் வந்துவிட்டார் போல, "கோவிந்தா!" என்று ஊரே குரல் எடுத்தது. ரேணுகாவுக்கு அது காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. கால் போய்க்கொண்டே இருந்தது. அம்சவேணிக்குக் கண்ணில் நீர் நிறைந்துவிட்டது. கோயிலில் கும்பிடுகிறவர்களோடு சேர்ந்து அவளும் கையைக் குவித்தாள். எதைப் பார்த்துக் குவித்தாள் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

இருபத்திரண்டு நிமிஷத்தில் ரேணுகா கடைசி வரிக்கு வந்தாள். அந்த ஒரு வருஷத்தில் முதல் தடவை. மீதி எட்டு நிமிஷத்துக்கு முன்னும் பின்னும் போய்ப் போய்ப் பார்த்தாள். பிறகு தலையைத் தூக்கினாள். முகம் வேறு மாதிரி இருந்தது.

"அண்ணி, இது கம்பளி ஆடுங்களப் பத்தி. ஒரு வார்த்தை தெரியல. விட்டுட்டேன். அப்பால பாத்தா, வெயில் காலத்துல அத ஆட்டு மேல இருந்து எடுக்கறாங்க, எடுத்து நூலு நூக்கறாங்க, எடுத்துட்டா ஆடு எளச்சி தெரியுது. அப்ப அது இன்னாவா இருக்கும்?"

"மயிரு" என்றாள் அம்சவேணி.

சொன்ன பிறகுதான் தான் ஒரு இங்கிலீஷ் வார்த்தைக்கு அர்த்தம் சொல்லியிருக்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு சிரித்தார்கள், சிரித்தார்கள், வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அன்றைக்கு மார்க் இருபத்தாறு.

ஜெயம்மாள் பிரசாதம் வாங்கிக்கொண்டு திரும்பிவந்து, மருமகளும் மகளும் தறிக்குழி ஓரத்தில் சிரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். "பெருமாள் வாசலுக்கு வந்தும் எழுந்து வராத ஜென்மங்க" என்று திட்டிக்கொண்டே ஆளுக்கு ஒரு துண்டு கோயில் இட்லி கொடுத்தாள். மிளகும் சுக்கும் காரமாக இருந்தன. அன்றிலிருந்து தினம் ஒரு பத்தி. ஒரு நாள் பத்தொன்பதுக்கு இறங்கியது. ஒரு நாள் முப்பதுக்குப் போயிற்று.

பரீட்சைக்கு வேலாயுதம்தான் கூட்டிக்கொண்டு போனான். அம்சவேணி அன்றைக்குத் தறியை விட்டு எழவே இல்லை. காலையில் குறி வைத்துவிட்டு நெய்தவள், மூன்று விரலுக்கு ஒரு தடவை "நேரம் ஆச்சி" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டாள். ராத்திரி பஸ்ஸில் திரும்பிய ரேணுகா செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்.

"ஏழு இழை விட்டேன் அண்ணி. அஞ்சுக்கு எடம் கெடச்சிது."

அதற்கு மேல் யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது. ஆனி பிறந்தது. கடிதம் வரவில்லை. ஆரணியில் ஜெயம்மாளின் அண்ணன் வீட்டில் ஒரு காதுகுத்து வந்தது. ஜெயம்மாள் ரேணுகாவையும் கூட்டிக்கொண்டு போனாள். வேலாயுதம் சரக்கோடு சென்னைக்குப் போயிருந்தான். போகும்போது ஜெயம்மாள் புருஷனிடம் வாசலில் நின்று சொன்னதை அம்சவேணி கேட்டாள். "அண்ணன் இந்த வாட்டி விட மாட்டான். நாளைக்கழிச்சி நல்ல நாளு, தட்டு மாத்திக்கலாம்னுவான். அதுக்குள்ள கடுதாசி வந்தா ஆள் அனுப்பு. வரலன்னா, சரின்னு சொல்லிடுவேன்."

கடிதம் மறுநாள் மதியம் வந்தது.

பரசுராமன் அதைக் கையில் வைத்துக்கொண்டு, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். எல்லாம் இங்கிலீஷ். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கோதண்டபாணி வீட்டுக்கு ஓடினார். கால் மணி நேரத்தில் திரும்பி வந்தார்.

"திருப்பதிக்குப் போயிருக்கறாராம். நாளைக்குத்தான் வராராம். நாளைக்கு அங்க தட்டு மாத்திடுவாங்களே! மூணு மணி பஸ்ஸ விட்டா இன்னிக்குப் போய்ச் சேர முடியாது. தோத்துட்டிருந்தா, அத்தினி சனம் முன்னாடி அவளயே படிக்க வெக்கறதா? இங்க வேற யாருகிட்டன்னு காட்டறது?"

அம்சவேணி தறியை நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள்.

"குடுங்க மாமா. நான் பாக்கறேன்."

"நீயா? நீ அஞ்சாங்கிளாஸ்தானேம்மா?"

"ஆமா மாமா. குடுங்க."

அவர் கொடுத்தார். வேறு வழியில்லாமல்தான் கொடுத்தார். அம்சவேணி உள்ளறைக்குப் போய், ரேணுகா உட்காரும் இடத்தில் உட்கார்ந்து, குழிக்குள் காலைத் தொங்கவிட்டாள். கடிதத்தைப் பிரித்தாள். இரண்டு காகிதம். முதல் காகிதத்தில் ரேணுகாவின் பெயர் தெரிந்தது. அடுத்தது தெரியவில்லை. அதற்கடுத்ததும் தெரியவில்லை. தவறாகச் சொல்லிவிட்டால்? இவரை ஆரணிக்கு ஓட வைத்து, நல்ல நாளைக் கெடுத்து, அப்புறம் இல்லை என்று ஆகிவிட்டால் அந்தப் பெண் முகத்தை எப்படிப் பார்ப்பது? அவள் கால் அசையாமல் தொங்கியது.

போனீ, போனீ என்று பட்டம்மாளின் குரல் காதில் கேட்டது. விரலை வரிக்கு அடியில் வைத்து நகர்த்தினாள். தெரியாதது, தெரியாதது, காலேஜ். தெரியாதது, ஜூலை. தெரியாதது நிறைய, ஹாஸ்டல். போன வருஷக் கடிதத்தில் ஹாஸ்டல் இருந்ததா? அவளுக்கு நினைவில்லை. நிற்கவில்லை. முதல் காகிதம் முடிந்தது. இரண்டாவதைத் திருப்பினாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டுப் பட்டியல். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினாள். பெட் ஷீட். தெரியாதது. பிளேட். டம்ளர். தெரியாதது. பக்கெட்.

இன்னொரு தடவை கூட்டினாள். பக்கெட்தான்.

மேலே விட்டுவிட்டு வந்த வார்த்தைகளெல்லாம் அப்போது ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. அவற்றை அவளால் வாசிக்க முடியாது. ஆனால் அவை வேறு எதையும் சொல்ல முடியாது என்று மட்டும் தெரிந்தது. உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் சிலிர்த்துப்போயிற்று. ரேணுகாவுக்கு இடம் கிடைத்தது ஒரு ஆச்சரியம். அதைத் தானே, இந்த ஐயம்பேட்டை அஞ்சாங்கிளாஸ், ஒரு காகிதத்திலிருந்து எடுத்தது அதைவிடப் பெரிய ஆச்சரியம். எது எந்த ஆச்சரியம் என்று பிரிக்கத் தெரியாமல் அழுதாள்.

"இன்னாம்மா? இல்லன்னு போட்டிருக்கறானா?" பரசுராமன் வாசற்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கெடச்சிடுச்சி மாமா."

"நெசமா? எந்த எடத்துல போட்டிருக்குது?"

அம்சவேணி அவர் விரலைப் பிடித்து வார்த்தையின் மேல் வைத்தாள். மாமனார் கையைத் தொடுகிறோம் என்பதுகூட அவளுக்கு நினைவில்லை. "இங்க. பக்கெட் எடுத்துக்கினு வரச் சொல்லியிருக்குது. பிளேட்டு, டம்ளரு எல்லாம். எட்டு வார்த்தைக்கு ஒண்ணுதான் எனக்குத் தெரியுது மாமா. ஆனா தோத்தவளப் போயி யாராவது பக்கெட் கொண்டான்னுவாங்களா?"

பரசுராமன் தன் விரலுக்குக் கீழே இருந்த அந்த வார்த்தையை ரொம்ப நேரம் பார்த்தார். ஜரிகை தரத்தைப் பார்ப்பது போலக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு மருமகளைப் பார்த்தார். அவள் அந்த வீட்டுக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. அப்படி அவர் பார்த்ததே இல்லை.

"போன வருசம் கடுதாசி சின்னதா இருந்துச்சி" என்றார், தனக்குத்தானே.

"போன வருசம் பக்கெட் கேக்கல மாமா."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். சட்டையை மாட்டினார். கடிதத்தை மடித்து உள் பையில் வைத்தார். வாசல் வரைக்கும் போனவர் திரும்பி நின்றார்.

"பஸ் ஸ்டாண்டு பக்கத்துலயே பாத்திரக் கடை இருக்குது. போற வழிதான், வாங்கிக்கினே போயிடறேன். பெருசா போட்டிருக்குதா, சின்னதா?"

அம்சவேணி நினைத்துப் பார்த்தாள். பக்கெட்டுக்கு முன்னால் ஒரு வார்த்தை இருந்தது. அது அவளுக்குத் தெரியாத வார்த்தை.

"அது ஒண்ணு தெரியல மாமா" என்றாள். "பெருசாவே வாங்கிக்கினு போங்க. ஆரணில நீங்க பஸ்ஸ விட்டு எறங்கறப்பவே அவ கண்ணுக்குத் தெரியணும்."